மறு: வகுமொழியில் நாப்பழக்கம் – சொல் பரிந்துரை

வணக்கம்.

> 'செயற்கை மொழி' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. அதோடு 'உரையாடல் சரளத்தன்மை' என்று சேர்த்துக்கொண்டால் போதாதா?

போதாது ஐயா. ஒருவர் திட்டமிட்டு ஆக்கிய மொழிக்கும், அதைத் தடையில்லாமல் பேசும் திறனுக்கும் நம் கலைச்சொல் பட்டியலுக்காகச் சொல் தேடுகிறோம். நீங்கள் சொன்ன இரண்டிலும் எனக்குக் குறை தெரிகிறது.

செயற்கை உரம், செயற்கைப் பல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அசல் வேறெங்கோ இருக்கிறது, இது அதற்கு மாற்று என்றுதான் படும். பல நாட்டவரும் பொதுவாகப் பேசுவதற்காக ஆக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியை 1887இல் வார்சாவில் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் வெளியிட்டார். இன்று அதை அம்மா அப்பாவிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே இருக்கிறார்கள், அந்தப் பிள்ளை பேசுவதைச் செயற்கை என்று எப்படிச் சொல்வது? எஸ்பெராந்தோவில் இவ்வகை மொழியைத் 'திட்டமிட்ட மொழி' என்ற பொருளில் 'பிளான்லிங்வோ' என்கிறார்கள். திட்டம் வகுத்தார்கள் என்கிறோமே, அந்த 'வகு'வை எடுத்து வினைத்தொகையாக வகுமொழி எனலாம். கணக்குப் பாட வகுத்தல் நினைவுக்கு வரும் என்பீர்கள், ஆனால் 'மொழி' பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. ஸ்டார் டிரெக் கதையில் வரும் கிளிங்கான் மாதிரி கதைக்காக ஆக்கியவற்றுக்கு மட்டும் புனைமொழி இருக்கட்டும்.

சரி, இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். சரளம் என்பது வாசிப்புக்கும் வரும், எழுத்துக்கும் வரும். நமக்கு வேண்டியது வாயைத் திறந்தால் வந்து விழுகிற நிலைக்கான சொல். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று ஔவை பாட்டிலேயே அது இருக்கிறது. நாப்பழக்கம். இதைவிடத் துல்லியமாக வேறொன்றை நம்மால் ஆக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் வகுமொழி கற்பவர் தடுக்கி விழுவது சரியாக இந்த இடத்தில்தான்.

எஸ்பெராந்தோ இலக்கணம் 16 விதிகள். சாமென்ஹோஃப் வெளியிட்ட முதல் நூலில் இருந்த வேர்ச்சொற்கள் ஏறக்குறைய 900. எனக்கு இரண்டு வாரத்தில் விதிகள் மனப்பாடம், அப்புறம் ஆறு மாதம் வாய் வரவில்லை. 'கியே', 'தியே' எல்லாம் நம் எங்கே, அங்கே போலவே வரிசையாக நிற்பதால் ஒட்டிக்கொண்டன. ஆனால் செயப்படுபொருளுக்கு வரும் 'ன்' இருக்கிறதே, அது நம் 'ஐ' உருபுதான் என்று நன்றாகத் தெரிந்தும் பேச்சில் விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. 'புத்தகம் வாங்கினேன்' என்று அஃறிணைக்கு 'ஐ' இல்லாமல் பேசிப் பழகிய நாக்கு, 'மி அச்சேட்டிஸ் லிப்ரோன்' என்பதை 'லிப்ரோ' என்றே முடித்துவிடும். எழுதும்போது இந்தப் பிழை வரவில்லை, பேசும்போது மட்டும் வந்தது. ஆகவே அறிவு வேறு, நாப்பழக்கம் வேறு, இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

இன்னொன்று. பிரெஞ்சு கற்பவருக்குப் பாரிஸ் தெரு இருக்கிறது, வகுமொழிக்குத் தெரு கிடையாது. பேச ஆளைத் தேடிப் போக வேண்டும், அல்லது ஆட்கள் கூட வேண்டும். பெரும்பாலும் கடிதத்திலும் இதழிலும் வாழ்ந்துகொண்டிருந்த எஸ்பெராந்தோவைப் பேச, 1905இல் பிரான்சின் புலோன்-சுர்-மேர் ஊரில் பல நாடுகளிலிருந்து ஏறக்குறைய 700 பேர் கூடினார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்தது. மொழி பிறந்து 18 ஆண்டுக்குப் பின் வந்த நாப்பழக்கம் அது! எனக்கும் வாரம் ஒருமுறை இணையத்தில் ஒரு பிரேசில்காரரோடு பேச ஆரம்பித்த பிறகுதான் அந்த 'ன்' ஒழுங்காக நின்றது.

ஆகவே என் பரிந்துரை: வகுமொழி, நாப்பழக்கம். 'நாப்பழக்கம் பெற்றவர்', 'நாப்பழக்க வகுப்பு' என்றெல்லாம் தடையில்லாமல் நீளும். பட்டியலில் ஏற்றும் முன் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

கூடவே ஒரு உதவி. எஸ்பெராந்தோ பேச வேண்டிய கூட்டத்தில் தங்கள் தாய்மொழிக்குத் தாவிவிடுவதை 'குரோகோடிலி', அதாவது முதலைபோல் நடப்பது என்பார்கள். நம் பேச்சு வகுப்பில் மாணவர்கள் நடுவில் தமிழுக்குத் தாவும்போது எனக்குத் தினமும் இந்தச் சொல் தேவைப்படுகிறது, 'மொழிதாவல்' என்று வைத்திருக்கிறேன், ஆனால் அதில் அந்த முதலை இல்லை. யாருக்காவது வேறு தோன்றுகிறதா?