ராத்திரி கதவுக் கைப்பிடி தானா இறங்கிச்சு. உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

மெயின் டோர் கைப்பிடி மெதுவா கீழ இறங்கி, கொஞ்ச நேரம் அப்படியே நின்னு, திரும்ப மேல போறதைப் பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? நான் பாத்தேன். ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சேன், ஹால் லைட் கூடப் போடல. உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்ததால கதவு திறக்கல, அப்புறம் படியில யாரோ இறங்கிப் போற சத்தம், அவ்ளோதான். போலீஸ் வந்து பாத்து எழுதிக்கிட்டுப் போனாங்க. மாடி மாறி வந்த யாராவதா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, இருக்கலாம், ஆனா வீடு மாறி வந்தவன் கைப்பிடியை அவ்ளோ மெதுவாவா அமுக்குவான்? கேமரா, டோர் சென்சார், மேஜிக் ஐ எல்லாம் போட்டாச்சு. பயம் போகல, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு கேமரா ஆப்பையே பாக்குறேன், பூனை போனாலும் நோட்டிபிகேஷன். எதோட நிறுத்திக்கிறதுன்னு பட்டவங்க சொல்லுங்க.

*

எங்க வீட்ல வேற மாதிரி. பக்கத்துத் தெருவுல திருட்டு நடந்ததுல இருந்து அப்பா உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு மாட்டி, சாவியைத் தலகாணிக்கு அடியிலயே வெச்சுக்குவாரு. ஒரு விடியக்காலை ஸ்விட்ச் போர்டு கருகி ஹால் பூரா புகை. அம்மா கதவைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்காங்க, அப்பா உள்ள ஒவ்வொரு தலகாணியா தூக்கி உதறுறாரு, சாவி கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல விழுந்து கெடக்கு. எப்படியோ வெளிய வந்துட்டோம். அம்மா இழுக்க இழுக்க கதவு டக்டக்னு அடிச்ச சத்தம் இன்னும் காதுல கேக்குது. இப்ப உள்பக்கம் சாவி இல்லாம கையால திருகித் திறக்கிற பூட்டு, பெட்ரூம் ஜன்னல் கிரில் ஒண்ணையும் உள்ள இருந்து திறக்கிற மாதிரி மாத்திட்டோம், ஸ்மோக் அலாரமும் இருக்கு.

*

முதல்ல எழுதினவங்களுக்கு. கேமரா யார் வந்தாங்கன்னு காட்டும், வர்றவனைத் தடுக்காது. எங்க பின்கதவை உதைச்சுத் திறந்தாங்க, பூட்டுல ஒரு கீறல் இல்ல, நிலைதான் பொளந்து கெடந்துச்சு. அதனால முதல்ல பூட்டோட நாக்கு போய் உக்கார்ற தகட்டைப் பாருங்க, அதுல பெரும்பாலும் குட்டி ஸ்க்ரூதான் இருக்கும். மரச்சட்ட வீடுன்னா 3 இன்ச் ஸ்க்ரூ போடுங்க, அது நிலையைத் தாண்டி உள்ள இருக்குற கட்டையைப் போய்ப் பிடிக்கும். செங்கல் சுவருன்னா நிலையையே சுவரோட ஆங்கர் போட்டு இறுக்கணும். கீல் வெளிப்பக்கம் இருக்கான்னு பாருங்க, இருந்தா பின்னைக் கழட்டிட்டுக் கதவையே தூக்கிடலாம். பால்கனி ஸ்லைடிங் டோருக்கு கீழ டிராக்ல அளவா வெட்டின ஒரு கட்டை போதும். கேமராவோட வந்த பாஸ்வேர்டை மாத்தினீங்களா? 2016ல மிராய்னு ஒரு வைரஸ் கம்பெனி பாஸ்வேர்டோட அப்படியே கெடந்த கேமரா, ரவுட்டருக்குள்ளதான் புகுந்துச்சு. ஊருக்குப் போனா போட்டோவைத் திரும்பி வந்து போடுங்க. இதெல்லாம் ஒரு தடவை செஞ்சுட்டா பயமே இருக்காது.

*

ஸ்க்ரூ சரி, ஆனா "பயமே இருக்காது"ன்னு சொல்றதை ஒத்துக்க முடியல. ஜார்ஜ் கெர்ப்னர்னு ஒரு பேராசிரியர் 1970கள்லயே சொன்னாரு, டிவி நிறைய பாக்குறவங்க உலகத்தை நெசத்தைவிட ஆபத்தானதா நினைக்கிறாங்கன்னு. இப்ப அந்த வேலையைத் தெரு வாட்ஸ்அப் குரூப் பண்ணுது. எங்க குரூப்ல ஒரு பையன் போட்டோ வந்துச்சு, "சந்தேகப்படும்படி சுத்துறான், உஷார்"னு. வீட்டு நம்பர் தெரியாம அலைஞ்ச கூரியர் பையன் அவன். ரெண்டு நாள் கழிச்சு எனக்குப் பார்சல் குடுத்துட்டுப் போகாம நின்னான், யாரோ அவனுக்கே ஃபார்வர்ட் பண்ணியிருக்காங்க, போனை நீட்டி "அக்கா, இது நான்தான், இதை அழிக்கச் சொல்றீங்களா"ன்னு கேட்டான். ஸ்க்ரீன்ல அவன் மூஞ்சியைச் சுத்தி சிவப்பு வட்டம். குரூப்ல சொல்லி எடுக்க வெச்சேன், ஆனா அதுக்குள்ள எத்தனை பேருக்குப் போயிருக்குமோ.

*

அதுக்காக குரூப்பே வேணாம்னு சொல்லாதீங்க. ஒரு வீட்ல திருட்டு நடந்தா அடுத்த சில வாரம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ரிஸ்க் கூடுதல்னு நிறைய ஆராய்ச்சியில வந்திருக்கு, அந்த நேரத்துல தகவல் வந்தாகணும். என்ன நடந்துச்சு, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குன்னு எழுதுங்க. ஆள் மூஞ்சியைப் போடாதீங்க.

*

முதல்ல எழுதினவதான். எல்லாருக்கும் நன்றி. அந்தப் பையன் கதையைப் படிச்சுட்டு எங்க குரூப்ல போன வாரம் வந்த ஒரு போட்டோவை எடுக்கச் சொல்லியிருக்கேன். கேமராவுல மோஷன் அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டேன், கதவு திறந்தா மட்டும் சென்சார் சத்தம் குடுக்கும். தூங்கப் போறப்ப தாழ்ப்பாள், பால்கனி, கேஸ் எல்லாம் ஒரு சுத்து பாத்துட்டுப் படுத்துடறேன், அதுக்கப்புறம் எந்திரிச்சுப் போய்ப் பாக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். முந்தாநாள் தூங்கினேன், நேத்து தூக்கம் வரல. அந்த 3 இன்ச் ஸ்க்ரூ, வாடகை வீட்ல ஓனர்கிட்ட கேக்காமப் போடலாமா?