பொருள்: வாய்பாட்டை மதிப்பாக மாற்றுவதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் தேவை)

வணக்கம் நண்பர்களே,

லிப்ரெஓபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளின் பட்டிகளைத் தமிழாக்கும்போது ஒரு கட்டளையில் மாட்டிக்கொண்டேன். தரவுப் பட்டியில் கணக்கிடு என்பதற்குள் இருக்கிறது. தேர்ந்தெடுத்த கலங்களில் (செல்) உள்ள வாய்பாடுகளை (ஃபார்முலா) எடுத்துவிட்டு, அந்த நேரத்து விடையை மட்டும் அதே இடத்தில் விட்டுவைக்கும். எக்செலில் நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுப்போமே, அதே வேலை. பட்டியில் மூன்று சொல்லாகக்கூட எழுதிவிடலாம், ஆனால் உதவிப் பக்கங்களில் இது வினையாகவும் பெயராகவும் திரும்பத் திரும்ப வருகிறது. இப்போதைக்கு 'மதிப்பாக்கு' என்று போட்டிருக்கிறேன். வெள்ளி இரவு கோப்பை ஏற்ற வேண்டும்.

* * *

தம்பி, மதிப்பாக்கு என்றால் ஏதோ மரியாதை தேடிக்கொடுக்கிற வேலை போல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த எண் அப்படியே உறைந்துபோகிறது, அதுதானே செயல்? உறைமதிப்பு என்போம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி அழகான வினைத்தொகை. வினைக்கு 'உறைவி'. பால் உறைவதும் இந்த உறைதான், இறைவன் உறைவதும் இந்த உறைதான், வாளின் உறையும் இதுவே. மூன்றிலும் ஒன்று ஓரிடத்தில் தங்கிப்போவதைப் பாருங்கள். சங்க இலக்கியத்தில் மழைத்துளிக்கும் உறை என்று பெயர் உண்டு. அது இந்த வேருக்குள் எப்படி வந்தது என்று தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

* * *

> வினைக்கு 'உறைவி'

ஐயா, தாமரையில் உறைபவளுக்கு வைத்த பெயர் போல இருக்கிறது. தலைவி, துறவி வரிசையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

விளையாட்டை விடுங்கள். மேல்வரிசையை நகராமல் நிறுத்தும் வசதிக்கு ஏற்கெனவே 'உறையவை' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஒரே மென்பொருளில் இரண்டு உறைதல் வந்தால் யாருக்குத் தெரியும் எது எது என்று. நான் தணிக்கை வேலையில் இருப்பவள். எங்கள் இடத்தில் இதற்குச் சொல்வது "வேல்யூவா ஒட்டிடு", அவ்வளவுதான். பில்லில் தேதிக்கு டுடே வாய்பாடு போட்டுவைத்து, அடுத்த மாதம் கோப்பைத் திறந்தால் தேதியும் சேர்ந்து மாறியிருக்கும். ஏதோ ஒரு எண்ணைத் தரும் ரேண்ட் வாய்பாடு போட்டுக் குலுக்கல் எடுத்தால் என்டர் தட்டுகிற ஒவ்வொரு முறையும் வேறு ஆளுக்குப் பரிசு. இன்னொரு கோப்பிலிருந்து வீலுக்கப் வழியாக எடுத்த விலைப்பட்டியலை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அவர் பக்கத்தில் இணைப்பு அறுந்து நிற்கும். இதற்கெல்லாம்தான் இந்தக் கட்டளை. வேலை செய்கிறவர் பட்டியைப் பார்த்ததும் புரிய வேண்டும், அகராதியைத் தேடிப் போகக் கூடாது.

* * *

அகராதி பார்ப்பது குற்றமா அம்மா? சேமி, கோப்பு எல்லாம் முதல் நாளே புரிந்தனவா? சரி, உறைவியை விடுகிறேன், உறைமதிப்பை விட மாட்டேன்.

* * *

உறைமதிப்பில் இலக்கணப்படியே ஒரு சிக்கல் இருக்கிறது. வினைத்தொகை மூன்று காலத்தையும் காட்டும். உறைந்த மதிப்பு, உறைகின்ற மதிப்பு, உறையும் மதிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கே நமக்கு வேண்டியதோ இனி மாறவே மாறாது என்ற இறந்தகாலம் மட்டும். ஊறுகாய் இன்னும் ஊறிக்கொண்டிருக்கலாம், இந்த எண் இன்னும் உறைந்துகொண்டிருக்கக் கூடாது!

அதோடு வாய்பாடு என்ற சொல்லையே மறுபடி யோசிக்கலாம். தொல்காப்பியச் செய்யுளியலில் 'சூத்திரந்தானே ஆடி நிழலின் அறியத் தோன்றி' என்று வருகிறது. சூத்திரம் என்றால் நூற்பா, ஆடி என்றால் கண்ணாடி. நன்னூலாரும் 'செவ்வன் ஆடியில் செறித்து' என்று அதே கண்ணாடியைத்தான் எடுக்கிறார். சின்னக் கண்ணாடியில் பெரிய உருவம் அடங்குவதைச் சொல்கிறார்கள் என்பது உரை வழக்கு. எனக்கோ விரிதாள்தான் நினைவுக்கு வருகிறது. எதிரே நிற்பது மாறினால் நிழலும் மாறும், வாய்பாட்டுக் கலமும் அப்படித்தானே? இந்தக் கட்டளை அந்த நிழலைப் படமாகப் பிடித்துவிடுகிறது. ஆகவே 'சூத்திரம்' என்பதே பொருத்தம், மாற்றிய பிறகு 'நிலைமதிப்பு'.

* * *

சூத்திரம் வடசொல். தொல்காப்பியத்தில் வந்துவிட்டால் தமிழாகிவிடுமா?

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பாடப் புத்தகங்களில் காலங்காலமாகச் சூத்திரம்தான், இரசாயனத்திலும் கணிதத்திலும். வாய்ப்பாடு என்றால் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும். மதிப்பு என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் கணிதத்தில் பெறுமானம் என்போம். யோசித்துப் பார்த்தால் இந்த இடத்துக்கு அது நல்லாய்ப் பொருந்துது, சூத்திரத்திலிருந்து பெறுவது பெறுமானம். 'பெறுமானமாக்கு' என்று வைக்கலாமே.

* * *

பெறுமானம் அருமையான சொல், ஆனால் இங்கே என் மாணவர்கள் பெறுமானம் என்றால் நகைக்கடையை நினைப்பார்கள். வாய்ப்பாடு என்றாலும் சிக்கல்தான், பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறேனோ என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அது தவிர, முதல் மடலில் வாய்பாடு, யாழ்ப்பாண மடலில் வாய்ப்பாடு. ப் வருமா வராதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வகுப்பில் நான் பார்த்த இன்னொன்று. இந்தக் கட்டளையைக் கொடுத்தால் எண் முழு எண்ணாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நூறை மூன்றால் வகுத்துத் திரையில் 33.33 என்று தெரிந்தாலும், மாற்றிய பிறகு உள்ளே 33.3333 என்று நீண்டுதான் கிடக்கும். போனது வாய்பாடு மட்டும். அதனால் 'வாய்பாடு நீக்கு' என்று யாராவது சொல்லப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே மறுக்கிறேன், பிள்ளைகள் எண்ணும் போய்விடும் என்று பயந்து அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

* * *

லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் காலத்தில் இதற்குச் சாய்கோடு, ஆர், வி என்று மூன்று விசை. கலத்துக்குள் எஃப்2 தட்டி எஃப்9 தட்டினாலும் விடை மட்டும் நிற்கும், எக்செலில் இன்றைக்கும் அது வேலை செய்கிறது. யாரும் பெயர் கேட்டதில்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. பட்டியில் 'வாய்பாட்டை மதிப்பாக மாற்று' என்று இட்டு ஏற்றிவிட்டேன். உதவிப் பக்கங்களில் பெயராக வரும் இடங்களில் 'நிலைமதிப்பு', அதற்குத்தான் எதிர்ப்புக் குறைவு. ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. வாய்பாட்டில் ப் போடவில்லை, கோப்பு முழுக்க ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, நானூறு இடத்தில் மாற்ற எனக்குத் தெம்பில்லை.

* * *

நிலைமதிப்பு என்றால் அரசு நிலத்துக்குப் போட்ட வழிகாட்டி மதிப்பு போல் இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன். மழைத்துளி மடல் நாளை வரும்.