நைரோபியில் ஒரே ஒரு நாள்: விலங்குகளைப் பார்க்க எங்கே செல்வது?

நாகலூர்வாசி:
வணக்கம். நானும் என் மனைவியும் ஏற்காட்டை அடுத்த நாகலூரில் வசிக்கிறோம். வரும் ஆகஸ்டில் மகளைப் பார்க்க நைரோபி செல்கிறோம். பேத்தியோடு இருப்பதற்கே நாட்கள் போதாது என்பதால், காட்டு விலங்குகளைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. அதிகாலையில் புறப்பட்டு மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு வயது 66. மனைவிக்கு முதுகுவலி உண்டு. காபித் தோட்டத்துக்குள் காட்டு மாடுகள் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால் கூண்டில் இல்லாத சிங்கத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சென்று வந்தவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

அழகாபுரம் அன்பர்:
ஐயா, மாராவுக்கு ஒரே நாளில் சென்று திரும்பும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சாலை வழியாக ஒரு பக்கத்துக்கே ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். நீங்கள் போய்ச் சேரும் நண்பகலில் சிங்கங்கள் நிழலில் படுத்து உறங்கிக்கொண்டிருக்கும்; அவை எழுந்து நடமாடும் மாலை வேளையில் நீங்கள் திரும்பும் வழியில் இருப்பீர்கள்.

அதற்குப் பதிலாக நைரோபி தேசியப் பூங்காவுக்குச் செல்லுங்கள். 1946இல் தொடங்கப்பட்ட இது கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 117 சதுர கிலோமீட்டர். நகரின் மையத்திலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர்தான் என்றவுடன் குரும்பப்பட்டியைப் போன்ற விலங்கியல் பூங்கா என்று எண்ணிவிட வேண்டாம். மூன்று பக்கம் வேலி இருந்தாலும், தெற்குப் பக்கம் திறந்தே இருப்பதால் விலங்குகள் வெளியே உள்ள சமவெளிக்குப் போய் வருகின்றன. சிங்கம், கறுப்புக் காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, எருமை ஆகிய அனைத்தும் அங்கே காட்டு விலங்குகளாகவே வாழ்கின்றன. காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே இருங்கள். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால், நுழைவுக் கட்டணத்தை முன்னதாகவே இணையத்தில் செலுத்திவிடும்படி மகளிடம் சொல்லுங்கள்.

பூங்காவுக்குள்ளேயே யானைத் தந்தங்களை எரித்த இடம் இருக்கிறது. 1989இல் அதிபர் டேனியல் அராப் மோய் அங்கே 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தார். 2016இல் 105 டன் எரிக்கப்பட்டது. தந்தத்துக்கு விலையே இருக்கக்கூடாது என்று ஒரு நாடு எடுத்த முடிவின் சாட்சியாக இருப்பதால், சிங்கத்துக்கு அடுத்தபடியாக நான் பார்க்கச் சொல்வது அந்த இடத்தைத்தான்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
மேலே சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். நாங்கள் மாராவில் இரண்டு இரவுகள் தங்கினோம். அதில் ஒரு நாள் முழுவதையும், ஓட்டுநர் காட்டிய ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடியே வீணாக்கினோம்.

அன்று காலை, புல்லுக்கு நடுவே ஒரு கறையான் புற்றின் மேல் சிவிங்கிப்புலி ஒன்று அமர்ந்திருந்தது. பலர் அதைச் சிறுத்தை என்றே எழுதுகிறார்கள்; நம் காடுகளில் இருக்கும் சிறுத்தை வேறு, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கும் இந்த விலங்கு வேறு. இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டு, 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது இதுதான். சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பறித்துவிடும் என்பதால் பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு இது. தொலைவில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்க, அது மெல்ல இறங்கி உடலைத் தாழ்த்தி நடக்கத் தொடங்கியது. அதற்குள் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலிக் கருவியில் செய்தி பரவி, பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நிற்க, மான்கள் ஓடிவிட்டன. அது சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடி புற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அந்த வண்டிகளில் எங்களுடையதும் ஒன்று என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனவே ஓட்டுநரிடம் புறப்படும்போதே, "நாங்கள் பட்டியல் போட்டுப் பார்க்க வரவில்லை, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கவும் எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிடுங்கள். குண்டும் குழியுமான பாதையில் அலைவது குறையும் என்பதால் அம்மாவின் முதுகுக்கும் அதுவே நல்லது.

ஓமலூர் மருந்தாளுநர்:
கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இது மஞ்சள் காமாலை அல்ல, கொசு பரப்பும் வேறு நோய். சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாட்கள்வரை தனிமைப்படுத்தக்கூடும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. ஆனால் 60 வயதைக் கடந்தவர்கள் முதல் முறையாக இதைப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்க விளைவுகளுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், உங்கள் மருத்துவரைக் கலந்து பேசாமல் முடிவெடுக்க வேண்டாம்.

நைரோபி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், நம் ஏற்காட்டைவிட மேலே இருக்கிறது. ஆகஸ்டு காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் திறந்த வண்டியில் அமர முடியாது.

நாகலூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், நைரோபி பூங்காதான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். அங்கே யானை உண்டா என்று மனைவி கேட்கிறாள்.

அழகாபுரம் அன்பர்:
ஐயா, அந்தப் பூங்காவில் காட்டு யானைகள் இல்லை. ஆனால் தாயை இழந்த யானைக் கன்றுகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் இல்லம் பூங்காவின் ஓரத்திலேயே இருக்கிறது. பார்வையாளர்களுக்குக் காலை 11 முதல் 12 மணிவரை ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதி, முன்பதிவு கட்டாயம். பத்தரை மணிக்குள் காட்டிலிருந்து வெளியே வந்துவிட்டால், கன்றுகள் புட்டியில் பால் குடிப்பதை அம்மா அருகிலிருந்தே பார்க்கலாம்.