இரவு 2 மணிக்கு ஹீட்டர் நின்றுவிடுகிறது, பாலைவனத்தில் இருக்கிறோம், அவசர உதவி தேவை

சக்கரவீடு (காலை 7:10)
வணக்கம். மூன்று நாளாக டிரெய்லரில், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியில், பாலைவனத்தில் தங்கியிருக்கிறோம். ராத்திரி ஹீட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. நடுராத்திரிக்கு மேல் வெறும் குளிர்ந்த காற்று வருகிறது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. கேஸ் இருக்கிறது. சோலார் இருக்கிறது, பகலெல்லாம் நல்ல வெயில். பேட்டரி ஃபுல் என்று காட்டுகிறது. குழந்தைகள் இரண்டு பேர் கூட இருக்கிறார்கள், நேற்று இருக்கிற கம்பளியெல்லாம் போர்த்தியும் நடுங்கினார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். சிக்னலுக்காக ஒரு மேட்டின் மேல் ஏறி நின்று எழுதுகிறேன்.

மலையோரம் (7:24)
எந்தப் பாலைவனம், எந்த இடம்? எத்தனை பேட்டரி, லெட் ஆசிடா லித்தியமா? சோலார் எத்தனை வாட்? பேட்டரி ஃபுல் என்று எது காட்டுகிறது, எந்த நேரத்தில் பார்த்தீர்கள்? இது எதுவும் தெரியாமல் யாராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

காற்றாடி (7:31)
காற்றுதான் காரணம். வசந்த காலத்தில் சாயங்காலமானால் மேற்கு மலைகளைத் தாண்டி ஒரு காற்று கிளம்பும், டிரெய்லரையே ஆட்டிவிடும். ஹீட்டரின் புகைபோக்கி காற்று வரும் பக்கம் இருந்தால் உள்ளே தீ நிற்காது. எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள்.

மணற்கரை (7:40)
எலி. பேக் ராட் என்பார்களே, அந்தப் பாலைவனத்து எலி. ஒரே ராத்திரியில் வயரைக் கடித்துத் துண்டாக்கிவிடும். போன வருஷம் எங்கள் பிக்கப்பின் இன்ஜினுக்குள் கள்ளிமுள்ளை அடுக்கி வைத்துக் கூடு கட்டியிருந்தது. ராத்திரி வண்டியின் முன்மூடியைத் திறந்தே வையுங்கள், இருட்டு இல்லாத இடத்தில் அது கூடு வைக்கத் தயங்கும். ஹீட்டருக்குப் போகிற வயரை முழுக்கத் தடவிப் பாருங்கள்.

முதல்_டிரெய்லர் (7:52)
அண்ணா, இன்றைக்கு ராத்திரியை மட்டும் ஓட்டணும் என்றால் சமையல் அடுப்பைச் சிறு தீயில் எரியவிட்டுத் தூங்கலாமே. நாங்கள் ஒரு முறை அப்படித்தான் சமாளித்தோம்.

பன்னிரண்டு_வோல்ட் (8:03)
முதல்_டிரெய்லர், அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். மூடிய டிரெய்லருக்குள் அடுப்பை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குழந்தைகள் இருக்கிற வண்டிக்கு இப்படி ஒரு யோசனையா?

காற்றாடி, காற்றில் தீ அணைந்தால் ஹீட்டர் திரும்பப் பற்றவைக்க முயற்சி செய்யும். பல ஹீட்டர்களில் மின்விசிறி அதன்பாட்டுக்கு முழு வேகத்தில் ஓடும். இவருக்கு அடுத்து மின்விசிறியே நின்றுவிடுகிறது. மணற்கரை, எலி கடித்த வயர் பகலில் தானாக ஒட்டிக்கொள்ளாது. சக்கரவீடு, இப்படி வீட்டு வண்டியில் குடியிருப்பவர் கையில் இருக்க வேண்டிய முதல் பொருள் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர். இருக்கிறதா? இல்லையென்றால் இந்த இழையில் எத்தனை பதில் வந்தும் பயனில்லை. இதை எத்தனை முறை எழுதுவது என்று தெரியவில்லை.

மலையோரம் (8:11)
ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் மின்விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. உள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு, செயில் சுவிட்ச் என்பார்கள். காற்று போதிய வேகத்தில் வந்து தகட்டைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும். பேட்டரி இறங்கிவிட்டால் மின்விசிறி மெதுவாகும், தகடு நகராது, கேஸ் வராது. முதலில் வெறும் குளிர்ந்த காற்று, அப்புறம் அதுவும் நிற்பது என்று நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். ஆக, பேட்டரி காலியாகிறது. எதனால் என்பதுதான் கேள்வி.

சக்கரவீடு (11:45)
மன்னிக்கவும், இப்போதுதான் மேட்டுக்கு வர முடிந்தது. கலிஃபோர்னியாவில் ஆன்சா பொரேகோ பாலைவனப் பூங்கா, அதில் பிளேர் பள்ளத்தாக்கு. 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி இரண்டு, லெட் ஆசிட். சோலார் 200 வாட். கதவுப் பக்கச் சுவரில் நாலு விளக்கு இருக்கிறதே, சாயங்காலம் 5 மணிக்கு நாலும் எரிகிறது. முதல் ராத்திரி விடியும் வரை ஓடியது. இரண்டாவது ராத்திரி 4 மணிக்கு நின்றது, நேற்று 2 மணிக்கு. இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று, நிற்பதற்கு முன்னால் எங்கேயோ கீக் கீக் என்று சத்தம் கேட்கிறது. மீட்டர் இருக்கிறது.

மணற்கரை (11:58)
கீக் கீக்கா? பார்த்தீர்களா, எலிதான்.

ஒகோட்டியோ (12:06)
சத்தம் கேஸ் டிடெக்டரிலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. தரைக்குப் பக்கத்தில் இருக்கும். கேஸ் வாடை கொஞ்சம் வந்தாலும் எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிட்டு சிலிண்டரை மூடுங்கள். வாடை இல்லையென்றால் வோல்டேஜ் குறைந்ததாலும் கத்தலாம், அந்த டிடெக்டரும் பேட்டரியில் ஓடுவதுதானே.

அப்புறம், பிளேர் பள்ளத்தாக்கு சுமார் 2500 அடி உயரம். பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊர் அதைவிட நன்றாகவே தாழ்வு. ஒரு நாள் கீழே கிளார்க் வறண்ட ஏரிப் பக்கம் இறங்கித் தங்கினால் குளிர் குறையும், தரை காய்ந்திருந்தால் மட்டும் போங்கள். அப்படியே ஹென்டர்சன் கேன்யன் சாலையில் பூ பார்த்துவிடுங்கள். நல்ல மழை பெய்த வருஷம் என்றால் ஊதா நிறச் சாண்ட் வெர்பீனா மணல் தெரியாமல் படர்ந்திருக்கும், நடுவே வெள்ளையாக ஈவ்னிங் பிரிம்ரோஸ், ஓரமெல்லாம் மஞ்சள் பாலைச் சூரியகாந்தி.

மலையோரம் (12:15)
அந்த நாலு விளக்கை நம்பாதீர்கள். வெயிலில் சார்ஜ் ஏறும்போது பார்த்தால் அரைப் பேட்டரியும் ஃபுல் என்றே காட்டும். இருட்டியபின், எல்லாவற்றையும் அணைத்து அரைமணி நேரம் விட்டு, மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஃபுல். 12.1 என்றால் பாதி, லெட் ஆசிடில் அதற்குக் கீழே போக விடக்கூடாது.

கணக்குப் பார்ப்போம். உங்கள் இரண்டு 6 வோல்ட் பேட்டரியும் சேர்ந்து 12 வோல்ட், கொள்ளளவு சுமார் 220 ஆம்ப் மணி, எடுக்கக்கூடியது 110. ஹீட்டர் மின்விசிறி 7 ஆம்ப் என்று வைத்து, ராத்திரி பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 35தான். 200 வாட் சோலார் ஒரு வசந்தகால நாளில் 60 வரை திருப்பித் தரும். ஹீட்டர் மட்டும் என்றால் நீங்கள் இங்கே எழுதவே வேண்டி வந்திருக்காது. வேறு ஏதோ குடிக்கிறது. ராத்திரி என்னென்ன ஆனில் இருக்கிறது?

முதல்_டிரெய்லர் (12:40)
அடுப்பு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அக்கா, நாங்களும் அடுத்த வாரம் வருகிறோம். பூவுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுக்க நல்ல இடம் எது?

ஒகோட்டியோ (12:52)
சாலை ஓரத்திலேயே நின்று எடுங்கள் அம்மா. உள்ளே இறங்காதீர்கள்.

காற்றாடி (1:05)
ஏன் இறங்கக்கூடாது? அது ஸ்டேட் பார்க். பூவைப் பறிக்கத்தான் தடை, நடக்கத் தடை இல்லை. வண்டிதான் பாதையை விட்டு ஒரு வண்டி நீளத்துக்கு மேல் விலகக்கூடாது. எல்லோரையும் பயமுறுத்த வேண்டாம்.

ஒகோட்டியோ (1:20)
சட்டம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செடிகள் ஒரே பருவம் வாழ்பவை. விதை பல வருஷம் மண்ணுக்குள் சும்மா கிடக்கும், முளைக்கவிடாமல் தடுக்கும் சத்து அதன் தோலிலேயே இருக்கும். அதைக் கழுவிவிடுகிற அளவுக்கு மழை பெய்தால்தான் முளைக்கும். முளைத்து, பூத்து, விதை விழுவதற்கு முன்னால் மிதித்துவிட்டால் அந்த இடத்தில் அடுத்த மழைக்கு என்ன இருக்கும்? 2019-இல் எல்சினோர் ஏரிக்குப் பக்கத்தில் வாக்கர் கேன்யன் பாப்பிப் பூச் சரிவில் கூட்டம் தாங்காமல் வழியையே மூடினார்கள். ஒவ்வொருவரும் ஒரு படத்துக்காக இறங்கியவர்கள்தான்.

காற்றாடி (1:34)
அது ஊரை ஒட்டின இடம், ஒரே மலைச்சரிவு. இது ஆறு லட்சம் ஏக்கர் பூங்கா. காய்ந்த ஓடைப் படுகையில் மணல் மேல் நடந்தால் எந்தச் செடிக்கும் ஒன்றும் ஆகாது. குழந்தைகள் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் மேல் பிரியம் வரும். காருக்குள்ளிருந்து பார்த்துப் பிரியம் வராது.

ஒகோட்டியோ (1:41)
ஓடை மணலில் நடப்பதை நானும் சொல்வேன், தாராளமாக நடக்கட்டும். நான் சொன்னது பூ விரிப்பின் மேல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹென்டர்சன் கேன்யன் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். விரல் பருமனில், பின்பக்கம் கொம்பு வைத்த புழுக்கள் சாலையைக் கடக்கும், ஸ்ஃபிங்ஸ் அந்துப்பூச்சியின் புழு. இரண்டு நாளில் ஒரு செடியை மொட்டையாக்கிவிடும். கோபம் வரும், ஆனால் அவற்றைத் தின்னத்தான் அர்ஜென்டினாவிலிருந்து வடக்கே போகிற ஸ்வெயின்சன் பருந்துகள் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. மார்ச்சில் காலை வெயில் ஏறும் நேரத்தில் நூற்றுக்கணக்கில் வட்டமிட்டு மேலே போவதை நான் கழுத்து வலிக்க நின்று பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு_வோல்ட் (1:50)
இழையின் தலைப்பு ஹீட்டர். பூ, புழு, பருந்துக்குத் தனி இழை தொடங்குங்கள். ஒரு குடும்பம் குளிரில் இருக்கிறது.

சக்கரவீடு (4:30)
கேஸ் வாடை இல்லை. இன்று காலை எழுந்ததும் மீட்டரில் 11.6 பார்த்து வைத்திருந்தேன். ராத்திரி ஆனில் இருப்பது: ஃபிரிட்ஜ், அது கேஸில் ஓடுகிறது, ஆட்டோவில் வைத்திருக்கிறேன். ஒரு விளக்கு. இன்வெர்ட்டர், லேப்டாப்புக்காகப் போன வாரம்தான் வாங்கினேன், 2000 வாட். 6 மணிக்கு ஆன் செய்வேன், காலையில் பார்த்தால் தானாக அணைந்திருக்கும். வேறு ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு_வோல்ட் (4:38)
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். லேப்டாப்பை எங்கே செருகுகிறீர்கள், இன்வெர்ட்டரிலா, டிரெய்லர் சுவரில் இருக்கிற பிளக்கிலா?

மலையோரம் (4:44)
நானும் அதையே கேட்க வந்தேன். டிரெய்லரின் தடித்த கரண்ட் கேபிளை, கேம்ப்கிரவுண்ட் கம்பத்தில் மாட்டுவோமே, அதை அடாப்டர் போட்டு இன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா? சுவர் பிளக் எல்லாம் வேலை செய்யட்டும் என்று நிறையப் பேர் அப்படிச் செய்வார்கள். அப்படியென்றால் இங்கே தேடவேண்டியது வேறெதுவும் இல்லை.

ஆட்டோவில் இருக்கிற ஃபிரிட்ஜ், கரண்ட் வருகிறது என்று தெரிந்ததும் கேஸை விட்டுக் கரண்டுக்குத் தாவிவிடும். அந்த வகை ஃபிரிட்ஜ் கரண்டில் சுமார் 300 வாட் இழுக்கும். பேட்டரியில் அது 25 ஆம்புக்கு மேல், உங்கள் ஹீட்டரைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். அதோடு டிரெய்லரின் கன்வெர்ட்டரும் கரண்ட் வந்துவிட்டது என்று பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கும். பேட்டரியிலிருந்து எடுத்து அதே பேட்டரிக்கு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். ஓட்டைக் குடத்தில் மொண்டு அதே கிணற்றில் ஊற்றுவது போல. அந்தக் கீக் கீக், வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று இன்வெர்ட்டர் கத்துவதாகத்தான் இருக்கும். அப்புறம்தான் தானாக அணைகிறது. முதல் ராத்திரி தாங்கியதும் இதனால்தான், முழுச் சார்ஜோடு வந்திருப்பீர்கள்.

இன்றைக்கே கேபிளைக் கழற்றுங்கள். ஃபிரிட்ஜை ஆட்டோவிலிருந்து கேஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பை நேராக இன்வெர்ட்டரில் செருகிப் பகலிலேயே சார்ஜ் ஏற்றிவிட்டு, இருட்டும் முன் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள்.

பன்னிரண்டு_வோல்ட் (4:51)
வாட்டர் ஹீட்டரின் கரண்ட் சுவிட்ச் ஆனில் இருந்தால் அதையும் அணைக்கவும். 11.6 வரை இறங்கிய பேட்டரியை 200 வாட் சோலார் ஒரே நாளில் மீட்காது. ஜெனரேட்டர் இருந்தால் ஓட்டுங்கள். ஆனால் கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்கில் காலை 10 முதல் இரவு 8 வரைதான் அனுமதி. டிரெய்லரிலிருந்து தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள். எந்தப் பேட்டரியாக இருந்தாலும் சரி, முதலில் அளந்து பழகுங்கள்.

மணற்கரை (5:20)
சரி, எலி இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். முன்மூடியைத் திறந்து வைப்பதை மட்டும் விடாதீர்கள்.

ஒகோட்டியோ (இரவு 9:15)
சக்கரவீடு தம்பி, இன்றைக்கு என்ன ஆயிற்று? குழந்தைகளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிக் கால்மாட்டில் வைத்துவிடுங்கள்.

மலையோரம் (மறுநாள் காலை 10:02)
ஏதாவது தகவல்?

முதல்_டிரெய்லர் (10:30)
எங்கள் டிரெய்லரிலும் ஃபிரிட்ஜ் ஆட்டோவில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

சக்கரவீடு (மூன்றாம் நாள், மாலை 3:15)
கேபிளைத்தான் செருகியிருந்தேன். கழற்றிவிட்டேன். பக்கத்தில் தங்கியிருந்தவர் ஜெனரேட்டர் கொடுத்தார், நேற்று 10 மணியிலிருந்து 3 மணி வரை ஓட்டினோம். ராத்திரி ஹீட்டர் நிற்கவில்லை. காலையில் 12.4. எல்லோருக்கும் நன்றி. இப்போது ஹென்டர்சன் கேன்யன் சாலையில் நிற்கிறோம், பெரியவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு கொம்புப் புழு சாலையைக் கடந்து முடிப்பதற்காகக் காத்திருக்கிறாள், அது முடியாமல் வண்டியை எடுக்க விடமாட்டேன் என்கிறாள்.