ஒரே வருடத்தில் ஹிப்போகாம்பஸ் 6% வளருமா? கனஅளவு எண்கள் குழப்புகின்றன, உதவி தேவை

நிழல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். 60 வயதைக் கடந்த 42 பேர், இரண்டு குழு. ஒரு குழுவுக்கு நடைப்பயிற்சி, இன்னொன்றுக்குக் கைகால்களை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி. தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு டி1 ஸ்கேன் (மூளையின் வடிவத்தைக் காட்டும் எம்ஆர்ஐ படம்), ஒரு வருடம் கழித்து இன்னொன்று. 3 டெஸ்லா காந்தம், ஒரே மெஷின், 1 மிமீ வாக்ஸல் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி). மூளைப் பகுதிகளைத் தானாகப் பிரித்து அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் ஓட்டி, நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் கனஅளவை எடுத்தேன்.

பிரச்சினை இதுதான். ஒரு வருட மாற்றம் ஆளுக்கு ஆள் −7% முதல் +6% வரை போகிறது. ஒருவருக்கு இடப்பக்கம் 5% கூடியிருக்கிறது, வலப்பக்கம் 2% குறைந்திருக்கிறது. 2011இல் 120 முதியவர்களை வைத்துச் செய்த பிரபலமான நடைப்பயிற்சி ஆய்விலேயே ஒரு வருடத்தில் சராசரியாக 2% கூடியதாகத்தான் வந்தது. ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 1.4% குறைந்தது. என் எண்கள் அதற்குப் பக்கத்திலேயே இல்லை.

அளவீடு மோசமாக இருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. ஆய்வு தொடங்கும் முன் 10 இளம் தன்னார்வலர்களை ஸ்கேன் செய்து, வெளியே எடுத்து, மறுபடி படுக்க வைத்து இரண்டாம் முறை எடுத்திருந்தோம். ஐசிசி (மறுபடி அளந்தாலும் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான அளவு, உச்சம் 1) 0.96. நெறியாளர் "0.9க்கு மேல் இருந்தால் அற்புதம், அப்படியென்றால் இந்த மாற்றம் எல்லாம் நிஜமான உயிரியல்தான்" என்கிறார். நடந்தவர்களை 'வளர்ந்தவர்கள்', 'வளராதவர்கள்' என்று பிரித்து நினைவாற்றல் மதிப்பெண்ணோடு ஒப்பிடவும் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மிகப்பெரிய மாற்றம் காட்டுபவர்களை நீக்கிவிடலாமா?

புள்ளிப்பித்தன்

யாரையும் நீக்காதீர்கள். முதலில் அந்த 0.96ஐப் பார்ப்போம்.

ஐசிசி என்பது ஒரு விகிதம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை மேலே வைத்து, அதோடு அளவீட்டுப் பிழையும் சேர்ந்த மொத்தத்தைக் கீழே வைத்து வகுக்கிறோம். ஹிப்போகாம்பஸ் பிறப்பிலேயே ஒருவருக்குப் பெரிது, ஒருவருக்குச் சிறிது. அந்த வேறுபாடு பெரிதாக இருக்கும்போது பிழை கொஞ்சம் அதிகமானாலும் ஐசிசி அழகாகவே வரும். 'இவருடையது அவருடையதைவிடப் பெரிது' என்று சொல்வதற்கு 0.96 தாராளமாகப் போதும். 'இவருடையது போன வருடத்தைவிடச் சுருங்கியிருக்கிறது' என்று சொல்ல அது போதுமா என்பதை ஐசிசி சொல்லவே சொல்லாது. லாரி எடை மேடையில் லாரிகளை வரிசைப்படுத்தலாம். ஓட்டுநர் இறங்கினாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

உங்களுக்குத் தேவையானது ஒரே ஆளின் இரண்டு ஸ்கேன்களுக்கு இடையிலான திட்டவிலக்கம். அந்த 10 பேரின் எண்களிலிருந்து அதைக் கணக்கிட்டுப் போடுங்கள். ஆளுக்கு இரண்டு அளவின் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை √2ஆல் வகுத்தால் போதும்.

நிழல்வாசி

நன்றி சார். கணக்கிட்டேன். சராசரிக் கனஅளவில் கிட்டத்தட்ட 2% வருகிறது. ஆளுக்கு ஆள் திட்டவிலக்கம் 10%க்குச் சற்றுக் குறைவு.

புள்ளிப்பித்தன்

அப்படியானால் கதை புரிந்துவிட்டது. ஒரு ஸ்கேனின் பிழை 2% என்றால், இரண்டு ஸ்கேன்களின் வித்தியாசத்தில் பிழை 2 × √2, அதாவது 2.8%. அதை 1.96ஆல் பெருக்கினால் 5.5%. ஒரு தனி மனிதரிடம் 5.5%க்குக் குறைவாகத் தெரியும் எந்த மாற்றத்தையும், அது கூடுதலோ குறைவோ, அளவீட்டுச் சத்தத்திலிருந்து, அதாவது தற்செயல் பிழையிலிருந்து, பிரித்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான முதியவர்களில் ஹிப்போகாம்பஸ் வருடத்துக்குச் சுமார் 1.4%, அல்சைமர் நோயாளிகளில் சுமார் 4.7% சுருங்குகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு ஒன்று உண்டு. உங்கள் அளவுகோலில் அல்சைமர் நோயாளியின் ஒரு வருடச் சுருக்கமே தனி ஆளிடம் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியாது.

42 பேரில் −7 முதல் +6 வரை பரவுவது இந்தப் பிழைக்கு எதிர்பார்க்க வேண்டியதுதான். அதனால்தான் ஓரத்தில் இருப்பவர்களை வெட்ட வேண்டாம் என்றேன். அவர்கள் விதிவிலக்கு இல்லை, பரவலின் வால்.

'வளர்ந்தவர்கள் / வளராதவர்கள்' பிரிப்பு வேண்டவே வேண்டாம். நீங்கள் பிரிப்பது பெரும்பாலும் சத்தத்தைத்தான். முதல் ஸ்கேனில் தற்செயலாகக் குறைவாக அளக்கப்பட்டவர், அடுத்த முறை சராசரியை நோக்கித் திரும்பினாலே 'வளர்ந்தவர்' ஆகிவிடுவார். தொடக்கக் கனஅளவு சிறிதாக இருந்தவர்களுக்கே பயிற்சி அதிகம் பலன் தந்தது என்று கட்டுரையும் எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை, அது வேறு விஷயம்.

இடம், வலம் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக முதன்மை ஆய்வில் வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் உள்ள பிழையில் ஒரு பகுதி அதில் கழிந்துபோகும்.

வாக்ஸல்வண்டி

சார் புள்ளியியலைச் சொல்லிவிட்டார். அந்த 2% எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கிறேன். ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் தோராயமாக 3,500 கன மிமீ, உங்கள் தெளிவில் 3,500 வாக்ஸல். நீளமாக, மடங்கி இருக்கும் உறுப்பு என்பதால் அதில் கணிசமான பங்கு விளிம்பிலேயே இருக்கிறது. விளிம்பு வாக்ஸலில் பாதி ஹிப்போகாம்பஸ், பாதி மூளைத்தண்டுவட நீர் அல்லது பக்கத்து மூளைப் பகுதியான அமிக்டலா. 5% மாற்றம் என்றால் 175 வாக்ஸல். விளிம்பு கொஞ்சம் இப்படி அப்படி விழுந்தாலே அது வந்துவிடும்.

இரண்டு கேள்வி. இரண்டு ஸ்கேனையும் தனித்தனியாக ஓட்டினீர்களா, அல்லது ஒரே ஆளின் ஸ்கேன்களைச் சேர்த்து ஓட்டும் லாஞ்சிட்யூடினல் முறையிலா? எல்லாவற்றையும் ஒரே பதிப்பில், ஒரே கம்ப்யூட்டரிலா?

நிழல்வாசி

தனித்தனியாகத்தான். முதல் ஸ்கேன்கள் பழைய சர்வரில் பதிப்பு 6இல். இடையில் துறையில் சர்வர் மாற்றினார்கள். இரண்டாவது ஸ்கேன்கள் பதிப்பு 7இல். எல்லாம் ரீகான்-ஆல் என்ற அதே கட்டளைதானே, பெரிய வித்தியாசம் இருக்காது என்றார்கள்.

வாக்ஸல்வண்டி

இருக்கும். 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வில் அதே ஸ்கேன்களை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டினார்கள். பதிப்புகளுக்கு இடையே கனஅளவு சராசரியாக 8.8% வேறுபட்டது, சில பகுதிகளில் அதைவிட மிக அதிகம். கம்ப்யூட்டர் வகையும் இயங்குதளப் பதிப்பும் மாறினாலே சிறு வித்தியாசங்கள் வந்தன. அவர்கள் சோதித்தவை உங்களுடையதைவிடப் பழைய பதிப்புகள், ஆனால் பாடம் அதேதான்: ஆய்வின் நடுவில் பதிப்பை மாற்றக் கூடாது.

ஸ்கேனர் தந்த மூல டைகாம் கோப்புகள் இருக்கின்றன அல்லவா? தன்னார்வலர்களின் ஸ்கேன்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரே மெஷினில், ஒரே பதிப்பில் மறுபடி ஓட்டுங்கள், இந்த முறை லாஞ்சிட்யூடினல் முறையில். ஒரே ஆளின் எல்லா ஸ்கேன்களையும் சேர்த்து முதலில் ஒரு பேஸ் டெம்ப்ளேட் உருவாகும். ஒவ்வொரு ஸ்கேனும் அதிலிருந்து தொடங்கும். தலை எலும்பு, பொது வடிவம் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குவதால் விளிம்பு தேவையில்லாமல் அலையாது.

இரண்டாவது ஸ்கேனை முதல் ஸ்கேனோடு பொருத்திவிட்டு ஒப்பிடலாம் என்று யாராவது குறுக்குவழி சொன்னால் கேட்காதீர்கள். பொருத்தும்போது ஒரு படம் மட்டும் இடைச்செருகலால் மழுங்கும், மற்றது கூர்மையாகவே இருக்கும். அந்த மழுங்கல் மட்டுமே மாற்றம் போலத் தெரியும். இரண்டையும் நடுவிலுள்ள ஒரு வெளிக்குக் கொண்டுபோவதே நியாயம். முழு மூளையின் மாற்றத்தை அளக்கும் சியானா மென்பொருளும் அப்படித்தான் செய்கிறது.

ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள். பார்ப்பவருக்கு எந்தக் குழு, எந்த வருடம் என்று தெரியக் கூடாது.

காந்தக்கூண்டு

நான் ஸ்கேனர் அறையில் வேலை செய்பவள். மென்பொருள் பக்கம் போகும் முன் இதையும் பாருங்கள்.

தலை அசைவு. அசைந்தால் சாம்பல் பகுதியின் கனஅளவு உண்மையைவிடக் குறைவாகவே வரும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத அசைவுக்கும் இது பொருந்தும். முதல் தடவை மெஷினுக்குள் போகும் முதியவர் பயத்தில் அசைந்து, அடுத்த வருடம் பழகிப்போய் அசையாமல் படுத்தால், மூளை வளர்ந்தது போல வரும். அதுவும் வாரா வாரம் பயிற்சிக்கு வந்து உங்கள் ஆட்களோடு பழகிய குழுவுக்கும், அவ்வளவு பழகாத குழுவுக்கும் இது வேறுபடலாம்.

தலை வைத்த இடம். காந்தத்தின் மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக கிரேடியன்ட் (இடத்தைக் கணிக்க உதவும் காந்தப்புல ஏற்ற இறக்கம்) நேர்கோட்டில் இருக்காது, படம் இழுபடும். அதைச் சரிசெய்யும் டிஸ்டார்ஷன் கரெக்ஷனை ஒரு வருடம் போட்டு, அடுத்த வருடம் போடாமல் விட்டார்களா என்று டைகாம் தலைப்பில் பாருங்கள். எத்தனையோ ஆய்வில் இதைப் பார்த்திருக்கிறேன்.

நேரம். காலையில் எடுத்ததைவிட மாலையில் எடுத்தால் மூளையின் கனஅளவு சற்றுக் குறைவாக வரும். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலும் அப்படியே. ஆளுக்கு அரை சதவீதத்துக்குள் அடங்கும் விஷயம்தான், ஆனால் நீங்கள் தேடுவதே ஒன்றிரண்டு சதவீதம்.

கடைசியாக, அந்த ஒரு வருடத்துக்குள் ஸ்கேனர் மென்பொருளோ தலையைச் சுற்றி வைக்கும் ஹெட் காயிலோ மாறியதா?

நிழல்வாசி

அக்கா, வயிற்றைக் கலக்கிவிட்டீர்கள். டிஸ்டார்ஷன் கரெக்ஷன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டாம் சுற்று ஸ்கேன்களின் நடுவில் ஸ்கேனருக்கு ஒரு பெரிய அப்கிரேடு நடந்திருக்கிறது. நடைப்பயிற்சிக் குழுவை முதலில் சேர்த்ததால் அவர்களில் பெரும்பாலோரின் இரண்டாவது ஸ்கேன் அப்கிரேடுக்கு முன். மற்றக் குழுவில் பெரும்பாலோருக்கு அதன் பின்.

குறுக்குச்சால்

ஸ்கேனர் வித்தியாசத்தைக் கழிக்கும் காம்பேட் முறையைப் போட்டுச் சரிசெய்துவிடலாமே? பல மைய ஆய்வுகளில் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

புள்ளிப்பித்தன்

பல மையங்களில் ஒவ்வொரு மையத்திலும் இரண்டு குழுவும் கலந்திருக்கும். அப்போது மையத்தின் விளைவையும் குழுவின் விளைவையும் பிரிக்கலாம். இங்கே குழுவும் அப்கிரேடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நகர்ந்திருக்கின்றன. காம்பேட் அப்கிரேடின் விளைவைக் கழிக்கும்போது பயிற்சியின் விளைவையும் சேர்த்துக் கழிக்கும், அல்லது இரண்டையும் விட்டுவைக்கும். தரவில் இல்லாத தகவலை எந்த மென்பொருளும் உண்டாக்காது.

இதைத் தொடக்கத்தில் தடுத்திருக்கலாம். ஆட்களைச் சேர்க்கும்போதே நாலைந்து பேர் கொண்ட தொகுதிகளாகக் குலுக்கிப் போட்டிருந்தால், அப்கிரேடு எந்த நாளில் நடந்தாலும் இரண்டு குழுவையும் சமமாகத் தாக்கியிருக்கும். அப்போதும் 'மூளை 2% வளர்ந்தது' என்று சொல்ல முடியாது. ஆனால் 'இந்தக் குழுவுக்கும் அந்தக் குழுவுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம்' என்று சொல்லலாம்.

அப்கிரேடின் இரு பக்கமும் ஆட்கள் கொஞ்சமாவது கலந்திருக்கிறார்களா? எத்தனை பேர்?

நிழல்வாசி

நடந்தவர்களில் 4 பேர் அப்கிரேடுக்குப் பின், மற்றக் குழுவில் 3 பேர் முன்.

காந்தக்கூண்டு

ஒரு யோசனை. அந்த 10 தன்னார்வலர்கள் இன்னும் பக்கத்தில் இருக்கிறார்களா? அவர்களுடைய பழைய ஸ்கேன்கள் அப்கிரேடுக்கு முந்தையவை. அவர்களை மறுபடி கூப்பிடுங்கள். இளைஞர்கள் என்பதால் இடையில் மூளை தானாக மாறியிருப்பதும் மிகக் குறைவாகவே இருக்கும். முன்பு எந்த நேரத்தில் எடுத்தீர்களோ அதே நேரம், அதே காயில், வெளியே எடுத்து மறுபடி படுக்க வைத்து இரண்டு முறை.

புள்ளிப்பித்தன்

அருமையான யோசனை. ஆனால் எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்று இப்போதே பார்த்துக்கொள்வோம். பிழை 2% ஆகவே இருந்தால், முன்பு இரண்டு, பின்பு இரண்டு ஸ்கேன்களின் சராசரிகளை ஒப்பிடும்போது ஆளுக்கு வித்தியாசத்தின் பிழை 2%. 10 பேருக்கு அப்கிரேடின் விளைவை ±1.4%க்குள்தான் சொல்ல முடியும். நீங்கள் தேடும் விளைவே அந்த அளவுதான். லாஞ்சிட்யூடினல் முறையில் பிழை எவ்வளவு குறைகிறது என்று முதலில் பாருங்கள்.

நிழல்வாசி

எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் லாஞ்சிட்யூடினல் முறையில் மறுபடி ஓட்டி முடித்தேன். தன்னார்வலர்களின் பிழை 2%லிருந்து சுமார் 1%க்கு வந்துவிட்டது. 42 பேரின் மாற்றமும் −4% முதல் +3% வரை சுருங்கிவிட்டது. இடம் கூடி வலம் குறைந்தவருக்கு இப்போது இரண்டு பக்கமும் ஒரு சதவீதத்துக்குள்தான் குறைவு.

அடுத்த கட்ட ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்கிறார்கள். எத்தனை பேர் வேண்டும்?

புள்ளிப்பித்தன்

குழுக்களுக்கு இடையே வருடத்துக்கு 1% வித்தியாசம் தேடுகிறீர்கள், ஆட்களின் நிஜ மாற்றம் தங்களுக்குள் 1.2% திட்டவிலக்கத்தில் வேறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 80% திறன் (நிஜ வித்தியாசம் இருந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5% வரம்பு (இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு). பழைய 2% பிழையோடு குழுவுக்குச் சுமார் 150 பேர் வேண்டும். அதே பிழையில் ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்கேன் எடுத்துச் சராசரி போட்டால் 85. ஒரே ஸ்கேன், ஆனால் இரண்டு வருட இடைவெளி என்றால் 54. ஸ்கேன் எண்ணிக்கையும் இடைவெளியும் அப்படியே இருக்க, பிழையை 1% ஆக்கினாலும் அதே 54தான். நடுவில் விலகுபவர்களுக்குத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே அமர்வில் அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு ஸ்கேன்கள் அன்றைய நீர்ச்சத்தையோ அன்றைய மெஷின் நிலையையோ சராசரியாக்காது. வேறு வேறு நாளில் எடுத்தால்தான் அது கழியும். 2014இல் பொதுவெளியில் வைக்கப்பட்ட ஒரு தரவுத்தொகுப்பு இருக்கிறது: 3 பேர், ஆளுக்கு 40 ஸ்கேன், 31 நாட்களில் 20 அமர்வுகள். அமர்வுக்குள் பிழை எவ்வளவு, அமர்வுகளுக்கு இடையே எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நல்ல பொருள். உங்கள் முறையை அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 3 பேர் மட்டுமே, வேறு ஸ்கேனர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நிழல்வாசி

இறக்கிக்கொண்டிருக்கிறேன். தன்னார்வலர்களில் 8 பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நெறியாளரிடம் 5.5% கணக்கைக் காட்டினேன். 'வளர்ந்தவர்கள்' அட்டவணையை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஆனால் ஐசிசியைக் கட்டுரையில் விட வேண்டாம் என்கிறார்.

புள்ளிப்பித்தன்

விட வேண்டாம். பக்கத்திலேயே சதவீதப் பிழையையும் போடுங்கள், எந்த வகை ஐசிசி என்றும் எழுதுங்கள். 8 பேர் என்றால், பிழை 1% என்ற கணக்கில், அப்கிரேடின் விளைவு சுமார் ±0.8%க்குள் கிடைக்கும். அந்த எல்லையைக் குழு வித்தியாசத்தின் நிச்சயமின்மையோடு சேர்த்தே எழுதுங்கள். வெறுமனே ஒரு எண்ணைக் கழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

காந்தக்கூண்டு

அவர்கள் வருவதற்கு முன் ஸ்கேனர் அறையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்கிரேடுக்குப் பின் புரோட்டோகால் பட்டியலில் பழைய டி1 அதே பெயரில் இருக்கும், உள்ளே டிஇ (எதிரொலி நேரம்), பேண்ட்விட்த் போன்ற ஸ்கேன் அமைப்பு எண்கள் மாறியிருக்கும். பெயரை நம்பாமல் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொல்லுங்கள்.