இம்மர்ஷனுக்குத் தமிழ்: மூழ்கலா, முழுக்கா, தோய்வா?

மதுரையிலிருந்து:
நண்பர்களே, அயல்மொழி கற்பித்தல் பற்றிய பி.எட். பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இம்மர்ஷனில் வந்து நிற்கிறது வேலை. 1965-இல் கனடாவில் மான்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பு முதலே எல்லாவற்றையும் பிரெஞ்சில் நடத்தினார்களே, அந்த முறை. பிரெஞ்சைத் தனிப்பாடமாக வைக்காமல் கணக்கையும் பாட்டையும் பிரெஞ்சிலேயே சொல்லித்தருவது. 'மூழ்கல் கல்வி' என்று போட்டுவிடவா?

கோவையிலிருந்து:
அடகு வைத்த நகைதான் ஐயா மூழ்கும். 'மொழிமுழுக்கு' என்க. ஞானமுழுக்கு ஏற்கெனவே வழக்கில் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து:
கோவை ஐயா, ஒன்றுக்கு முழுக்குப் போடுவதென்றால் அதை விட்டொழிப்பதல்லவா? பிள்ளை பிரெஞ்சைத் தலைமுழுகிவிட்டது என்று பெற்றோர் நினைப்பார்கள். 'முழுகாமல் இருக்கிறாள்' என்பதற்கு என்ன பொருள் என்று தெரியும்தானே! என் வாக்கு 'தோய்வு'க்கு. தமிழில் தோய்ந்தவர் என்று சொல்கிறோமே.

சேலத்திலிருந்து:
'ஊறல் கல்வி'? தமிழில் ஊறியவர் என்றும் சொல்கிறோம்.

மதுரையிலிருந்து:
ஊறல் என்றால் போலீஸ் வந்து பானையை உடைக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:
'ஆழ்' இருக்க மற்றதெல்லாம் எதற்கு? ஆழ்வார் என்ற பெயரே பக்தியில் ஆழ்ந்ததால் வந்தது. 'ஆழ்கல்வி' என்க.

கோவையிலிருந்து:
அது மரபுரை. ஆள்வார் என்பதே பழைய வடிவம் என்று கல்வெட்டுகளை வைத்து வாதிடுகிறார்கள். ளகரம் எப்படி ழகரம் ஆனது என்பதைத் தனியே எழுதவேண்டும்.

மதுரையிலிருந்து:
வெள்ளிக்கிழமை, ஐயா.

டொராண்டோவிலிருந்து:
இங்கே இது அன்றாடப் பேச்சு. தமிழ்ப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பிரெஞ்சு இம்மர்ஷனில் சேர்க்கிறார்கள். மதுரை ஐயாவுக்கு வேண்டியது இரண்டு சொற்கள் என்பதைக் கவனித்தீர்களா? இம்மர்ஷனில் வகுப்பு முழுவதும் ஒரே நிலையில் தொடங்கும், ஆசிரியருக்குப் பிள்ளையின் மொழி புரியும், வீட்டுமொழிக்கு ஆபத்தில்லை. குடிவந்த பிள்ளையைத் துணையில்லாமல் பெரும்பான்மை மொழி வகுப்பில் தள்ளிவிடுவது சப்மெர்ஷன். மூழ்கலை அதற்குக் கொடுங்கள், பொருத்தமாக இருக்கும். இன்னொன்று, இம்மர்ஷன் பிள்ளைகள் கேட்பதிலும் வாசிப்பதிலும் நன்றாகத் தேறினார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழை நீடித்தது. கேட்டால் மட்டும் போதாது, பேசவும் எழுதவும் வைக்கவேண்டும் என்று கனடிய மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985-இல் வாதிட்டது அதனால்தான்.

தஞ்சாவூரிலிருந்து:
அப்படியானால் அவர்கள் தோயவில்லை, நனைந்திருக்கிறார்கள்!

யாழ்ப்பாணத்திலிருந்து:
'தோய்கல்வி' என்று வினைத்தொகையாக வைத்தால் சுருக்கம். தோய்ந்த, தோய்கின்ற, தோயும் மூன்றும் அடங்கும்.

சேலத்திலிருந்து:
தோய்வது மாணவன்தானே, கல்வியா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
குடிநீர் என்றால் நீரா குடிக்கிறது?

சேலத்திலிருந்து:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் தோய்கல்வி என்றால் எந்த மாணவருக்கும் புரியாது. நான் இம்மர்ஷன் என்றே சொல்வேன். பஸ், பேனா எல்லாம் தமிழாகவில்லையா?

மதுரையிலிருந்து:
நூலில் தோய்கல்வி, மூழ்கல் கல்வி என்று போட்டுவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் இம்மர்ஷன், சப்மெர்ஷன் என்றும் பக்கத்திலேயே இருக்கும். சில பாடங்களை மட்டும் அயல்மொழியில் நடத்துவது பகுதி இம்மர்ஷன் என்று 9-ஆம் இயலில் வருகிறது. அரைத்தோய்வு என்றால் உறையாத தயிர் மாதிரி இருக்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

கோவையிலிருந்து:
என்னைத் தோய்வுக்காரர் கணக்கில் சேர்க்கவேண்டாம். ளகர ழகர மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.