நமீபியா கார்ப் பயணம்: போய் வந்தாயிற்று (புதுப்பிப்பு)

நமீபியாவில் நாங்களே காரோட்டிச் சுற்ற நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயமா, இரண்டாவது மாற்று டயர் வீண் செலவா என்று முன்பு கேட்டிருந்தேன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி இரண்டு நாளாகிறது.

டயர் வீண் இல்லை. சரளைச் சாலையில் ஒன்று கிழிந்தது. காரை வாடகைக்கு விட்டவர் கொடுத்த ஜாக்கி மணலில் புதைய, அடியில் பலகை வைத்துத் தூக்கியவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிய அப்பாதான். நமீபியாவிலும் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம். அது பெரிய நிம்மதி.

செஸ்ரியம் என்ற நுழைவாயிலிலிருந்து சோசுஸ்ஃப்ளே மணற்குன்றுகளுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தார்ச்சாலை, சாதாரணக் காரே போதும். கடைசி 5 கிலோமீட்டர் மணலுக்குத்தான் நான்கு சக்கர இயக்கம். டயர்க் காற்றைக் குறைக்காமல் இறங்காதீர்கள்.

எத்தோஷா வனவிலங்குப் பூங்காவில் பகலெல்லாம் அலைந்து கண்டதைவிட, ஒக்காகுவேயோ முகாமின் விளக்கிட்ட நீர்க்குட்டை அருகே இரவில் சும்மா உட்கார்ந்து கண்டதே அதிகம். கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்து தண்ணீர் குடித்தது. வாய் ஓயாத அம்மா அரைமணி நேரம் பேசவேயில்லை.